5 பிராங்க் பாஸ்டர் நோட்டு (1966): பின்பக்கத்தில் வெறிநாயோடு போராடுவது யார்?

#1 தாள்மணி, திருச்சி

நண்பர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பிரிட்டிஷ் இந்தியா, சிலோன், மலாயா என்று நான் வழக்கமாகத் தேடுகிற எதுவும் கைக்கு எட்டும் விலையில் அமையவில்லை. வெறுங்கையோடு திரும்பும்போது, வெளிநாட்டு நோட்டுகளைக் கலந்து போட்டிருந்த ஒரு அட்டைப் பெட்டியில் இது அகப்பட்டது: பிரான்ஸ், 5 பிராங்க், 1966 ஆம் ஆண்டுத் தேதி.

நீலமும் ஊதாவும் பழுப்பும் கலந்த சிறிய நோட்டு. முன்பக்கத்தில் இடப்புறம் லூயி பாஸ்டர், வலப்புறம் பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தின் கட்டடம். பின்பக்கத்தில் மறுபடியும் பாஸ்டர், இம்முறை வலப்புறம். அவருக்கு அருகில் ஆய்வுக்கூடக் கருவிகள். அவற்றின் நடுவே ஒருவர் நாயோடு கட்டிப் புரள்கிறார். விற்றவர் உறையில் ஒட்டியிருந்த சீட்டில் ‘பாஸ்டர். பின்னால் வெறிநாயுடன் போராடும் மனிதன்’ என்று எழுதியிருந்தது.

எனக்கு மூன்று சந்தேகங்கள். முதலாவது, தாளில் மூன்று ஊசி ஓட்டைகள் இருக்கின்றன. வாங்கும்போது கவனிக்கவில்லை, வீட்டில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் தெரிந்தது. ஏமாந்துவிட்டேனா? இரண்டாவது, விரலால் தடவினால் மை மேடாகத் தட்டுப்படவில்லை, வழவழப்பாக இருக்கிறது. இது அசல்தானா? மூன்றாவதுதான் என்னை அதிகம் அரிக்கிறது. ஒரு விஞ்ஞானியைக் கௌரவிக்கிற நோட்டில் நாய்ச்சண்டை எதற்கு? யார் அந்த மனிதன்?

#2 பழந்தாள், மதுரை

தாள்மணி, கவலையை விடுங்கள். உங்கள் மூன்று ஓட்டைகளும் அந்த நோட்டின் பிறந்த வீட்டு அடையாளம். பிரான்ஸில் வங்கிக் காசாளர்கள் நோட்டுகளை அடுக்கிக் கட்டாக்கும்போது குண்டூசியால் குத்திவைப்பது நெடுங்காலப் பழக்கம். இருபதாம் நூற்றாண்டின் பாதியைத் தாண்டியும் அது நீடித்தது. ஓட்டை விழாத பழைய பிரெஞ்சு நோட்டு வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை கொடுக்கவேண்டும். மூன்றே மூன்று என்றால் அதிகம் புழங்காத நோட்டு என்று சொல்வேன். என்னிடம் உள்ள பாஸ்டரில் பதினொன்று எண்ணியிருக்கிறேன், எல்லாம் ஒரே மூலையில், சல்லடைபோல.

வழவழப்பும் சரிதான். நம் ரூபாய் நோட்டைத் தடவிப் பார்த்துப் பழகிய விரல் மேடு தேடும். பிரெஞ்சு வங்கியின் அச்சகம் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நோட்டுகளைப் பல வண்ண லெட்டர்பிரஸில், அதாவது மேடான அச்சில் மை தடவித் தாளில் அழுத்தும் முறையில், அடித்தது. ஒரு நல்ல லென்ஸ் எடுத்து ஏதாவது ஒரு கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். நடுவில் மை சற்று வெளிறி, ஓரத்தில் ஒதுங்கி அடர்ந்திருக்கும். அழுத்தத்தில் மை பக்கவாட்டில் பிதுங்குவதால் வருவது. அதுவே சான்று.

மூன்றாவது கேள்விக்கு மரகதம் டீச்சர் வரட்டும். அவர் சொன்னால்தான் அதற்கு அழகு.

#3 மரகதம், கும்பகோணம்

பழந்தாள் ஐயா கூப்பிட்ட பிறகு வராமல் இருப்பேனா!

தாள்மணி, முதலில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். அது மனிதன் இல்லை, பையன். ஆட்டிடையச் சிறுவன். பெயர் ழான்-பாப்டிஸ்ட் ஜுப்பி. ஊர், கிழக்கு பிரான்ஸில் ஜுரா பகுதியில் வில்லேர்-ஃபார்லே என்ற கிராமம். பாஸ்டர் பிறந்து வளர்ந்ததும் அதே ஜுரா மண்தான்.

1885 அக்டோபர் மாதம். ஆறு சிறுவர்கள் புல்வெளியில் கால்நடைகளை மேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வெறிநாய் வருகிறது. மற்ற ஐவரும் சின்னப் பிள்ளைகள், அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். பதினைந்து வயது ஜுப்பிதான் மூத்தவன். அவர்கள் தப்பட்டும் என்று சாட்டையோடு நாயின் முன்னால் போய் நிற்கிறான். நாய் அவனுடைய இடக்கையைக் கவ்வுகிறது. அவன் அதைத் தரையில் தள்ளி மேலே மண்டியிட்டு, வலக்கையால் அதன் தாடையை விரித்து, மாட்டிக்கொண்ட கையை விடுவிக்கிறான். அதற்குள் வலக்கையிலும் பல கடி. பிறகு சாட்டை வாரால் நாயின் வாயைச் சுற்றிக் கட்டி, காலில் இருந்த மரச்செருப்பைக் கழற்றி அதாலேயே அடித்துக் கொல்கிறான்.

ஊர்த் தலைவர் பாஸ்டருக்குக் கடிதம் எழுதினார். கடிபட்டு ஆறு நாள் கழித்து பையன் பாரிஸ் வந்து சேர்ந்தான். அதே மாதம் 26 ஆம் தேதி அறிவியல் அகாடமியில் பாஸ்டர் தன்னுடைய வெறிநாய்க்கடி சிகிச்சையைப் பற்றி அறிவித்தபோது, இந்தப் பையன் இன்னும் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். பிழைத்தான்.

முதலில் ஊசி போட்டுக்கொண்டவன் அல்சாஸைச் சேர்ந்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்டர், அதே ஆண்டு ஜூலையில். பாடப்புத்தகங்களில் அவன் பெயர்தான் வரும். நோட்டு வரைந்தவர் ஜுப்பியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்திய நான், பாஸ்டரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் மைஸ்டரோடு நிறுத்தியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு ஒரு பணத்தாளைப் பார்த்துத்தான் ஜுப்பியைத் தெரிந்துகொண்டேன். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இவனையும் சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

#4 அரிமா, கோவை

கதை மனதைத் தொடுகிறது டீச்சர். ஆனால் நான் வடிவமைப்புத் துறையில் இருப்பவன், நோட்டை நோட்டாகப் பார்க்கிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை.

முன்பக்கம் ஒரு பாஸ்டர், பின்பக்கம் ஒரு பாஸ்டர். ஒரே முகத்தை இருபுறமும் போடுவது கற்பனை வறட்சி. அந்த நெரிசல் வேறு. கட்டடம், கருவிகள், நாய், பையன், முகம், எழுத்து, எண் எல்லாம் உள்ளங்கை அளவுத் தாளில் முட்டிமோதுகின்றன. கண் எங்கே போய் உட்காரவேண்டும் என்று வரைந்தவர் முடிவு செய்யவே இல்லை. பையனின் செயல் அவ்வளவு பெரியது என்றால் அவனுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். இங்கே குடுவைகளோடு குடுவையாக நிற்கிறான். விற்றவர் அவனை மனிதன் என்று எழுதியதற்கு விற்றவர் மட்டும் காரணமில்லை. படம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

#5 பழந்தாள், மதுரை

அரிமா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

ஒரே முகம் இருபுறமும் வருவது அந்தக் காலத்து பிரெஞ்சு வங்கியின் மரபு. இதற்கு முன்னால் இதே மதிப்பில் இருந்தது விக்டர் ஹியூகோ: முன்னால் அவரும் பாரிஸின் பாந்தியோன் நினைவு மண்டபமும், பின்னால் அவரும் அவர் குடியிருந்த வோஜ் சதுக்கமும். நான்காம் ஹென்றி: முன்னால் பாரிஸின் பாலம், பின்னால் போ நகரத்துக் கோட்டை. வோல்தேர்: முன்னால் துய்லரி அரண்மனை, பின்னால் சிரே மாளிகை. ரசீன்: முன்னால் போர்-ரொயால், பின்னால் பிறந்த ஊர் லா ஃபெர்தே-மிலோன். ஓர் ஆள், இரண்டு இடங்கள். நோட்டைத் திருப்பினால் அவர் வாழ்க்கையின் இன்னொரு ஊருக்குப் போய்விடுவீர்கள். இந்த வரிசையை ஆல்பத்தில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், முகம் மாறாமல் பின்னணி மட்டும் மாறுவதன் அழகு பிடிபடும்.

இப்போது பாஸ்டரைத் திருப்புங்கள். மற்றவர்களுக்கெல்லாம் பின்னால் ஓர் ஊர், ஒரு மாளிகை. இவருக்கும் வரைந்திருக்கலாம். அவர் பிறந்த டோல் நகரம் உண்டு, வளர்ந்த அர்புவா உண்டு. அந்த இடத்தில் இன்னொருவனின் செயலை வைத்திருக்கிறார்கள். அரசர், அமைச்சர், கவிஞர் என்று போகும் வரிசையில், பெரிய மனிதருக்குப் பக்கத்தில் பெயரில்லாமல் ஓர் இடைப்பையன் நிற்பது இந்த நோட்டில்தான். இதை நான் கற்பனை வறட்சி என்று சொல்லமாட்டேன்.

நெரிசலுக்குக் காரணம் வேறு. 1964 ஜனவரியில் செஸ்லாவ் போயார்ஸ்கி என்பவரை பாரிஸுக்குப் பக்கத்தில் மோன்ஜெரோனில் பிடித்தார்கள். போலந்துக்காரர், தன்னந்தனியாக வீட்டிலேயே தாள் செய்து, தகடு வெட்டி, மை கலந்து, போனபார்ட் படம் போட்ட 100 பிராங்க் நோட்டை அடித்தவர். வங்கிக்காரர்களே திணறிப்போன வேலைப்பாடு. அவர் அடித்த கள்ள நோட்டுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் அசலைவிட விலை அதிகம். அவர் பிடிபட்டு இரண்டு ஆண்டில் தேதியிட்ட நோட்டு இது. பல வண்ணக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டி, எந்த மூலையையும் வெறுமையாக விடாமல் நிரப்புவது, புகைப்படம் எடுத்து வண்ணங்களைப் பிரிப்பவனுக்கு வைக்கிற முட்டுக்கட்டை. பிரெஞ்சு வங்கிக்கு அது பழைய பாடம்.

பையனுக்கு இடம் போதவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

#6 குன்னூரான்

நான் இந்தக் களத்தில் அதிகம் எழுதுவதில்லை. படித்துவிட்டுப் போய்விடுவேன். நாய் என்றதும் எழுதத் தோன்றியது.

1974 இல் எனக்கு எட்டு வயது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கெண்டைக்காலில் நாய் கடித்தது. அப்பா அன்றைக்கே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு நடந்தார். 1907 இல் தொடங்கிய இடம் அது. அதற்கு முன் இந்தியாவில் இப்படிப்பட்ட நிறுவனம் இமயமலைப் பக்கம் கசௌலியில்தான். தெற்கே கடிபட்டவர்கள் அவ்வளவு தூரம் ரயிலில் போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும்.

பதினான்கு நாள், பதினான்கு ஊசி, தொப்புளைச் சுற்றி. ஆட்டு மூளையில் இருந்து செய்த மருந்து. என் வயதுக்காரர்களுக்கு அந்த எண்ணிக்கையைக் கேட்டாலே வயிறு இழுக்கும். நான்காம் நாளுக்கு மேல் குத்துவதற்கு வீங்காத இடம் தேடவேண்டும். செவிலியர் விரலால் தடவி இடம் பார்ப்பார், நான் கூரை மூங்கிலை எண்ணுவேன். அப்பா தினமும் அரைநாள் கூலியை விட்டுக் கூட்டிப்போனார். திரும்பும் வழியில் ஒரு வர்க்கி வாங்கித் தருவார். பதினான்காம் நாள் இரண்டு வாங்கித் தந்தார்.

அந்த வளாகத்தில் ‘பாஸ்டர்’ என்று எழுதியிருந்ததை அப்போது ஏதோ துரையின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். பாஸ்டர் நிறுவனம் என்ற சொல்லே நாங்கள் நாய்க்கடி ஆஸ்பத்திரிக்குச் சொல்லும் பெயர்தான். இன்றைக்கு இந்த நோட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பையன் நாயின் மேல் முழங்காலை வைத்து அழுத்துகிறான். எனக்கு அந்த நாய் கடித்த இடம் இன்னும் தடிப்பாக இருக்கிறது.

தாள்மணி, உங்களிடம் நல்ல ஸ்கேன் இருந்தால் இரண்டு பக்கமும் போடுங்கள். அச்செடுத்துக்கொள்ள வேண்டும்.

#7 மரகதம், கும்பகோணம்

குன்னூரான், உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்குப் போட்டது ஆட்டு மூளை மருந்து. அதை நம் நாட்டில் 2004 முடிவோடு நிறுத்திவிட்டார்கள், இப்போது கையில் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. ஜுப்பிக்கும் மைஸ்டருக்கும் போட்டது முயலின் தண்டுவடம். நோய்கண்ட முயலின் தண்டுவடத்தை ஈரமில்லாத கண்ணாடிக் குடுவைக்குள் நூலில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். காயக்காய அதன் வீரியம் குறையும். முதல் நாள் பதினான்கு நாள் போலக் காய்ந்ததைக் கரைத்துப் போட்டு, படிப்படியாகப் புதியதுக்கு வருவார்கள். மைஸ்டருக்கு மொத்தம் பதின்மூன்று ஊசி. நாய் கடித்த பிறகு நோய் மூளையை எட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் உடம்பைத் தயார்படுத்திவிடும் ஓட்டப்பந்தயம் இது.

அந்தக் குடுவையைப் பார்க்க விரும்புகிறவர்கள் 1885 இல் ஆல்பர்ட் எடெல்ஃபெல்ட் வரைந்த பாஸ்டர் ஓவியத்தைத் தேடிப்பாருங்கள். கையில் குடுவையைத் தூக்கிப் பிடித்து உள்ளே தொங்குவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். நோட்டில் கருவிகள் இருக்கின்றன, நாய் இருக்கிறது. முயல்கள் இல்லை. எத்தனையோ முயல்கள். எனக்கு அது உறுத்துகிறது.

#8 லூர்து, புதுச்சேரி

எங்கள் வீட்டிலும் இந்த நோட்டு இருக்கிறது. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். 1969 இல் அவருடைய தம்பி பிரான்ஸில் இருந்து வந்தபோது ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தாராம். மற்றவர்கள் மாற்றிச் செலவழித்துவிட்டார்கள். அத்தை மட்டும் ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தார். மடிப்பே கிடையாது, ஆனால் புத்தகத்தின் பூச்சி இரண்டு இடத்தில் தின்றிருக்கிறது.

தாத்தா சொல்லி அத்தை சொன்ன கதை ஒன்று. பின்னாளில் மைஸ்டர் பாஸ்டர் நிறுவனத்தில் காவலாளியாகச் சேர்ந்தார். 1940 இல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்தபோது பாஸ்டரின் கல்லறையைத் திறக்கச் சொன்னார்கள். அவர் திறக்க மறுத்து உயிரை விட்டார். சின்ன வயதில் இதைக் கேட்டு அழுதிருக்கிறேன். இப்படிப்பட்டவரை விட்டுவிட்டு ஏன் ஜுப்பியைப் போட்டார்கள்?

#9 பழந்தாள், மதுரை

லூர்து, அத்தையின் நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், பூச்சி தின்ற இடத்தில் டேப் ஒட்டிவிட வேண்டாம்.

கதையில் ஒரு பகுதி மெய். மைஸ்டர் அங்கே காவலாளியாக இருந்தார், 1940 ஜூனில், ஜெர்மன் படை பாரிஸில் நுழைந்து பத்து நாளில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கல்லறைக் கதை பிறகு சேர்ந்துகொண்டது. அங்கே அப்போது இருந்த ஒரு விஞ்ஞானியின் நாட்குறிப்பு வேறு சொல்கிறது. வெளியூருக்கு அனுப்பிவைத்த மனைவியும் மகள்களும் குண்டுவீச்சில் இறந்துவிட்டார்கள் என்று நம்பி மனமுடைந்து போயிருக்கிறார். அவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். வீரக் கதையைவிட எனக்கு இதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

ஏன் ஜுப்பி என்பதற்கு என் பதில்: அவனுக்கு ஏற்கெனவே ஓர் உருவம் இருந்தது. எமில்-லூயி த்ருஃபோ என்ற சிற்பி 1887 இல் செய்த வெண்கலச் சிலை, ஜுப்பி நாயை மண்டியிட்டு அடக்குவது, பாஸ்டர் நிறுவனத்தின் வளாகத்திலேயே நிற்கிறது. கடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் பிள்ளையை நோட்டில் வரைந்தால் இரக்கம் வரும். நாயை அமுக்கும் பையனை வரைந்தால் எதிர்த்து நிற்பது தெரியும். சிகிச்சையும் எதிர்த்து நிற்பதுதானே.

இதில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஜுப்பியும் பின்னாளில் அதே நிறுவனத்தில் காவல் வேலை பார்த்தார், 1923 இல் இறக்கும்வரை அதோடுதான் அவர் வாழ்க்கை. நோட்டின் முன்பக்கத்தில் இருக்கிற கட்டடம் 1888 நவம்பரில் திறக்கப்பட்டது, உலகெங்கும் இருந்து வந்த நன்கொடையில் எழுந்தது. பின்பக்கத்துப் பையன் முன்பக்கத்துக் கட்டடத்தின் காவலாளி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று தெரியும்.

#10 அரிமா, கோவை

பழந்தாள் ஐயா, அந்தக் கடைசிச் செய்திக்கு நன்றி. அதை அறிந்து பார்க்கும்போது நோட்டு வேறாகத் தெரிகிறது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனாலும் கேட்கிறேன். பணத்தாள் என்பது அரசு தன் மக்களின் சட்டைப்பையில் வைக்கிற படம். தினமும் கைமாறுகிறது, யாரும் கேள்வி கேட்பதில்லை. அதனால்தான் அதில் என்ன விடுபட்டது என்று பார்க்கவேண்டும். பாஸ்டர் மருத்துவர் இல்லை, ஊசி போட அவருக்கு உரிமை இல்லை. மைஸ்டருக்கு ஊசி போட்ட கை மருத்துவர் ழாக்-ஜோசஃப் க்ராஞ்சேயின் கை. ஆய்வில் தோளோடு தோள் நின்ற எமில் ரூ, மனிதனுக்குப் போட இன்னும் காலம் ஆகவில்லை என்று கருதி அந்த முதல் சிகிச்சையில் இருந்து விலகி நின்றார். பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளைக் குடும்பம் பூட்டியே வைத்திருந்து, 1964 இல்தான் பேரன் பிரான்ஸின் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். பிறகு அவற்றைப் படித்த வரலாற்றாசிரியர்கள், அவர் வெளியில் சொன்ன அளவுக்கு முன்சோதனைகள் முடிந்திருக்கவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். 1881 இல் புயி-லெ-ஃபோரில் ஆடுகளுக்கு வைத்துக் காட்டிய ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியும், அவர் உலகம் நம்பும்படி விட்ட முறையில் செய்ததில்லை, உதவியாளர் ஷாம்பர்லானின் முறையில் செய்தது.

குறிப்பேடுகள் நூலகத்துக்குப் போன இரண்டாம் ஆண்டில் இந்த நோட்டுக்குத் தேதி இட்டிருக்கிறார்கள். பெட்டி திறந்ததும், உள்ளே இருப்பதை யாரும் படித்து முடிக்கும் முன்பே பளிங்குச் சிலை வைத்துவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

#11 மரகதம், கும்பகோணம்

அரிமா, நீங்கள் சொன்ன எல்லாமே உண்மை. வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. ஷாம்பர்லானுக்கு நியாயம் கிடைக்கவில்லை. ரூ பெரிய மனிதர், கருத்து வேறுபட்ட பிறகும் விட்டுப் போகாமல் 1904 முதல் 1933 இல் இறக்கும்வரை அந்த நிறுவனத்தைத் தலைமை தாங்கி நடத்தினார்.

நீங்கள் சொன்னதை வைத்துக்கொண்டே நோட்டைப் பாருங்கள். பாஸ்டரின் வெற்றி என்று எதை வரைந்திருக்கிறார்கள்? ஊசி இல்லை. மாலை மரியாதை இல்லை. அகாடமி மேடை இல்லை. ஊசிக்கு முந்திய கணம். இன்னும் யாரும் காப்பாற்றாத கணம். அந்தப் புல்வெளியில் பாஸ்டர் இல்லை. ஜுப்பி சாட்டையை ஓங்கியபோது பாரிஸில் ஒரு மருந்து இருக்கிறது என்று தெரிந்தா ஓங்கினான்? கடிபட்டால் சாவு என்பதுதான் எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் தெரியும். குறிப்பேட்டில் எந்த வரியைத் திருத்தி எழுதினாலும் இந்தப் படத்தில் ஒரு கோடு மாறாது. பாஸ்டரின் புகழ் நாளைக்கு இன்னும் குறைந்தால்கூட நோட்டின் அந்த மூலை அப்படியே நிற்கும்.

#12 அரிமா, கோவை

டீச்சர், இதை நான் யோசித்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்ற என் குறை மட்டும் இப்போது இன்னும் வலுக்கிறது!

#13 சுவடிக்காரன், யாழ்ப்பாணம்

நல்ல இழை. நடுவில் புகுந்து ஒன்று கேட்கிறேன். பிரெஞ்சு நோட்டில் வந்த முதல் விஞ்ஞானி பாஸ்டர்தானா? வோல்தேர், ரசீன், கொர்னெய், மொலியேர் என்று அந்த வரிசை முழுக்க எழுத்தாளர்களாக இருக்கிறதே.

#14 பழந்தாள், மதுரை

முதல்வர் இல்லை. 1946 இல் 50 பிராங்க் நோட்டில் வானியலாளர் லெ வெரியே வந்துவிட்டார். கணக்குப் போட்டே நெப்டியூன் இருக்கும் இடத்தைச் சொன்னவர். பாஸ்டருக்குப் பின் 1968 இல் 500 பிராங்கில் பாஸ்கல், கடைசிக் காலத்தில் அதே 500இல் கியூரி தம்பதியர். நீங்கள் சொன்ன எழுத்தாளர் கூட்டத்துக்கு நடுவே பாஸ்டர் தனியாக நின்றது உண்மை. அதுவும் வரிசையிலேயே மிகச் சிறிய மதிப்பில். ரொட்டிக்கடையிலும் காய்கறிச் சந்தையிலும் அதிகம் கைமாறியவர் அவர்தான். அதனால்தான் நல்ல தரத்தில் கிடைப்பது அரிது. 1970 ஆம் ஆண்டுத் தேதியோடு நோட்டு நின்றுபோய், அதே ஆண்டு செம்பு-நிக்கல் 5 பிராங்க் நாணயம் வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பாந்தியோன் பேச்சு வந்ததால். ஹியூகோ நோட்டில் பின்னணியில் இருக்கும் பாந்தியோனில்தான் ஹியூகோவை அடக்கம் செய்திருக்கிறார்கள். பாஸ்டருக்கும் அங்கே இடம் தர முன்வந்தார்கள், குடும்பம் ஏற்கவில்லை. 1895 இல் இறந்தவரை நிறுவனத்துக்குள்ளேயே கீழ்த்தளத்தில் கல்லறை கட்டி வைத்தார்கள். ஆக, இந்த நோட்டிலும் முகத்துக்கு எதிரே இருப்பது அவர் உறங்கும் இடம். அந்தக் கல்லறை முழுக்க மொசைக்: ஆடு, கோழி, நாய், பட்டுப்புழுவுக்கான மல்பெரி, திராட்சைக் கொடி என்று அவர் ஆய்வு செய்ததெல்லாம். அந்த மொசைக்கிற்குப் படம் வரைந்து கொடுத்தவர் லூக்-ஒலிவியே மெர்சோன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புகழ்பெற்ற 100 பிராங்க் நோட்டை வரைந்தவரும் அவரே! சேகரிப்பாளர்கள் அந்த நோட்டை இன்றும் ‘மெர்சோன்’ என்றே அழைக்கிறார்கள். நோட்டுக்காரர் கல்லறைக்கு வரைந்தார், ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து அந்தக் கல்லறைக் கட்டடம் நோட்டுக்கு வந்தது.

#15 தாள்மணி, திருச்சி

இரண்டு நாள் வேலையில் மாட்டிக்கொண்டேன். இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரிடம் பத்து மடங்கு லென்ஸ் இரவல் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் விளக்கைச் சாய்த்துவைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.

பழந்தாள் ஐயா சொன்ன மை ஒதுக்கம் தெரிகிறது. கறுப்பு என்று நான் நினைத்த இடங்கள் லென்ஸுக்குக் கீழே பிரிந்துவிடுகின்றன. நாயின் உடம்பு என்று நாம் பார்ப்பது சின்னச் சின்னக் கோடுகளின் கூட்டம். லென்ஸை விலக்கினால் சேர்ந்து உடம்பாகிவிடுகிறது. பாஸ்டரின் முகத்திலும் அப்படித்தான், ஆனால் முகத்தில் கோடுகள் சாந்தமாக வளைந்து போகின்றன, பையனும் நாயும் இருக்கும் இடத்தில் எல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. கீழே கள்ள நோட்டு அடிப்பவனுக்கு ஆயுள் தண்டனை என்று சட்டத்தின் 139 ஆம் பிரிவு எச்சரிக்கிறது. அந்த வரியைக்கூட அகராதி வைத்துப் படித்தேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. ‘யாருப்பா இது?’ என்று கேட்டாள். டீச்சர் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். மரச்செருப்பு வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, தன் செருப்பைக் கழற்றி எடை பார்த்தாள்.

குன்னூரான் அண்ணா, இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். பின்பக்கத்தின் நடுப்பகுதியைத் தனியாகவும் பெரிதாக்கிப் போட்டிருக்கிறேன். பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதப்போகிறேன். இப்படி இருக்கலாமா?

‘பிரான்ஸ், 5 பிராங்க், 1966. முன்: லூயி பாஸ்டர், பாரிஸ் பாஸ்டர் நிறுவனம். பின்: ழான்-பாப்டிஸ்ட் ஜுப்பி, இடையர், வயது 15, வில்லேர்-ஃபார்லே, 1885 அக்டோபர். உடன் பாஸ்டர். ஊசி ஓட்டைகள் மூன்று.’

#16 குன்னூரான்

ஸ்கேன் கிடைத்தது தம்பி. மிகவும் நன்றி. அப்பா படத்துக்குக் கீழே வைக்க அளவாக அச்செடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

#17 பழந்தாள், மதுரை

சீட்டு சரியாக இருக்கிறது. ‘உடன் பாஸ்டர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மாற்றாதீர்கள். பென்சிலால் எழுதி உறைக்கு வெளியே ஒட்டுங்கள், மை நாளடைவில் தாளுக்குள் இறங்கும். உறை பிவிசி பிளாஸ்டிக்காக இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.